வானம் பொய்க்கவில்லை! பொய் சொன்னவன் கம்பெனிக்காரன்!



2016-இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசே அறிவித்தது. அந்த ஆண்டு நம் ஆட்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டு நவம்பர் 16-இல் கஜா புயல் வந்து டெல்டாவின் தென்னையை வேரோடு சாய்த்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையில் நெல்லும் வாழையும் தண்ணீருக்குள் போயின.

ஒவ்வொரு முறையும் அதிகாரிகளும் அமைச்சர்களும் வருகிறார்கள். வரப்பில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். "இது இயற்கைச் சீற்றம்ங்க, யாரும் எதிர்பார்க்கல, நாங்க என்ன செய்ய முடியும்?" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

எதிர்பார்க்கவில்லையா? நாம் கேட்கிறோம்: உண்மையிலேயே யாரும் எதிர்பார்க்கவில்லையா?

எதிர்பார்த்தார்கள். 1967-லேயே கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அந்தக் கணக்கைப் படித்தவர்கள் பலர். படித்த பிறகு மறைத்தவர்களும் உண்டு. மறைத்து லாபம் பார்த்தது ஒருவர், நஷ்டம் அனுபவிப்பது இன்னொருவர். அந்தக் கதையைத்தான் இந்தப் பிரசுரத்தில் சொல்கிறோம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

அது என்ன கணக்கு?

புது உரம் ஒன்று வந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஒரே வயலில் இரண்டு பாத்தி பிரிக்கிறோம். ஒன்றில் உரம் போடுகிறோம், இன்னொன்றில் போடுவதில்லை. மற்றதெல்லாம் ஒன்றுதான்: அதே விதை, அதே தண்ணீர், அதே வெயில். அறுவடையில் வரும் வித்தியாசம்தான் உரத்தின் வேலை.

கரியமில வாயு விஷயத்தில் அப்படிச் செய்ய முடியாது. ஏனென்றால் நமக்கு இருப்பது ஒரே ஒரு பூமி. பக்கத்தில் இன்னொரு பூமியைப் பாத்தி கட்ட வழியில்லை. அதனால் விஞ்ஞானிகள் கம்ப்யூட்டருக்குள் ஒரு பூமியைக் கட்டினார்கள். அதற்குப் பெயர்தான் காலநிலை மாடல். காற்று மண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வெயில் எவ்வளவு விழுகிறது, சூடு எவ்வளவு வெளியேறுகிறது, காற்று எந்தப் பக்கம் போகிறது, ஈரம் எவ்வளவு என்று இயற்பியல் விதிப்படி கணக்குப் போடுவது. இரண்டு பூமி ஓட்டுவார்கள். ஒன்றில் வாயு பழைய அளவு. இன்னொன்றில் இரண்டு மடங்கு. கடைசியில் வரும் வித்தியாசம்தான் கரியமில வாயுவின் வேலை. நம்ம பாத்திக் கணக்கேதான்!

1896-இல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி அர்ரேனியஸ் கம்ப்யூட்டர் இல்லாமல் பேனா பிடித்தே இதைச் செய்தார். வாயு இரட்டிப்பானால் உலகம் 5, 6 டிகிரி சூடாகும் என்றார். அது கொஞ்சம் கூடுதல் கணக்கு. பிறகு ஜப்பானில் கிராமத்தில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த சுகுரோ மனாபே என்ற விஞ்ஞானி, வெதரால்ட் என்பவரோடு சேர்ந்து 1967-இல் கம்ப்யூட்டரில் போட்டார். இன்றைய செல்போன் பக்கத்தில் வைத்தால் அந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுமே இல்லை. 10 லட்சத்தில் 300 பங்கு இருக்கும் கரியமில வாயு 600 ஆனால் சுமார் 2.3 டிகிரி சூடு ஏறும் என்று வந்தது. 1975-இல் உலகையே முப்பரிமாணத்தில் போட்டுப் பார்த்தார்கள். சுமார் 2.9 டிகிரி என்று வந்தது. துருவங்கள் மற்ற இடங்களைவிடக் கூடுதலாகச் சூடாகும், ஆவியாவதும் மழையும் இரண்டுமே வேகம் பிடிக்கும் என்பதும் அந்தக் கணக்கிலேயே இருந்தது.

1979-இல் அமெரிக்க அறிவியல் அகாதெமி சார்னி என்பவர் தலைமையில் குழு போட்டுச் சரிபார்த்தது. விடை: 1.5 முதல் 4.5 டிகிரி வரை, பெரும்பாலும் 3 டிகிரி. நாற்பது ஆண்டு கழித்து, 2021-இல், ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. மறுபடி கணக்குப் பார்த்தது. அப்போதும் நடு விடை அதே 3 டிகிரிதான்! அந்த ஆண்டே மனாபேவுக்கு இயற்பியல் நோபல் பரிசும் கிடைத்தது.

"கம்ப்யூட்டர் விளையாட்டு" என்பவர்களுக்குப் பதில்

"அதெல்லாம் கம்ப்யூட்டர் விளையாட்டுங்க, நாளைக்கு மழை வருமான்னு சொல்லத் தெரியாதவன் நூறு வருசத்துக்குச் சொல்வானா?" என்று டீக்கடையில் பேசுகிறார்கள். பேசுபவர் மேல் நமக்குக் கோபமில்லை. அந்தப் பேச்சைக் கோடி கோடியாகக் கொட்டிப் பரப்பியவர்கள் மேல்தான் கோபம்.

நாளை மழை வேறு, காலநிலை வேறு. வருகிற சித்திரை 10-ஆம் தேதி எத்தனை டிகிரி வெயில் என்று எந்தப் பெரியவருக்கும் தெரியாது. ஆனால் சித்திரை வெயில் மார்கழி வெயிலைவிடக் கொளுத்தும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாடல் சொல்வது இரண்டாவது வகை.

சரி, சொன்னது பலித்ததா? 1970 முதல் 2007 வரை வெளியான 17 மாடல் கணிப்புகளை எடுத்து, நடந்ததோடு ஒப்பிட்டு 2020-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. எவ்வளவு வாயு வெளியானது என்பதைச் சரியாகக் கொடுத்துப் பார்த்தால், 17-இல் 14 கணிப்புகள் நடந்ததோடு பொருந்தின. எந்த ஜோசியக்காரன் இப்படிச் சொல்லியிருக்கிறான்?

இன்னொரு சாட்சியும் உண்டு. "சூரியன் கூடுதலா எரியுது, அதான் சூடு" என்று ஒரு வாதம். சூரியன் காரணமானால் மேல் அடுக்குக் காற்றும் கீழ் அடுக்குக் காற்றும் சேர்ந்து சூடாக வேண்டும். கரியமில வாயு காரணமானால் கீழே சூடேறும், மேலே குளிரும். 1967 கணக்கு இதையும் சொன்னது. பிறகு செயற்கைக்கோள் வந்து அளந்தது. கீழே சூடு, மேலே குளிர்ச்சி! திருடன் கைரேகையை விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பு காற்றில் 10 லட்சத்தில் 280 பங்கு கரியமில வாயு. 2024-இல் சுமார் 424. அந்த ஆண்டு உலகச் சராசரி வெப்பம், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைவிட ஏறக்குறைய 1.55 டிகிரி கூடுதல் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது.

தெரிந்தே மறைத்தவர்கள்!

உலகின் மிகப் பெரிய எண்ணெய்க் கம்பெனிகளில் ஒன்று எக்ஸான். 1977-லேயே அதன் சொந்த விஞ்ஞானி நிர்வாகத்தின் முன் நின்று, எண்ணெயும் நிலக்கரியும் எரித்தால் உலகம் சூடாகும் என்று எடுத்துச் சொன்னார். பிறகு கம்பெனியே தன் காசில் மாடல் கணக்குப் போட்டது. 1977 முதல் 2003 வரை உள்ளுக்குள் போட்ட அந்தக் கணக்குகளை 2023-இல் 'சயன்ஸ்' இதழில் விஞ்ஞானிகள் சோதித்து வெளியிட்டார்கள். 63 முதல் 83 சதவீதம் வரை துல்லியமாகப் பலித்திருந்தன. பத்தாண்டுக்கு 0.2 டிகிரி ஏறும் என்று கம்பெனி தனக்குள் சொல்லிக்கொண்டது. அப்படியே ஏறியது!

வெளியே என்ன சொன்னார்கள்? 1997-இல் பெய்ஜிங்கில் நடந்த உலக பெட்ரோலிய மாநாட்டில் அந்தக் கம்பெனியின் தலைவர், மாடல்களை நம்ப முடியாது, வளரும் நாடுகள் அவசரப்பட்டு எண்ணெயை விட்டுவிட வேண்டாம் என்று பேசினார். பெட்டிக்குள் ஒரு கணக்கு, மேடையில் ஒரு கணக்கு! நம்மூரில் எடைக்கல்லில் குறைத்து வைக்கும் வியாபாரியைப் பிடித்தால் மரத்தில் கட்டி வைப்போம். இவர்கள் உலகத்தின் எடைக்கல்லையே குறைத்து வைத்தவர்கள்.

2025-இல் அமெரிக்க அரசு காலநிலை ஆராய்ச்சிக்கூடங்களுக்கான நிதியை வெட்ட முன்மொழிந்தது. கணக்குப் போடும் பலகையையே உடைத்துவிட்டால் கடன் இல்லை என்று ஆகிவிடுமா?

"வாயு கூடினால் விளைச்சல் கூடும்" என்பது பாதி உண்மை, முழு மோசடி

"கரியமில வாயு பயிருக்குச் சாப்பாடு, கூடினால் நல்லதுதானே?" என்று இப்போது ஒரு பிரசாரம். பயிர் அதை எடுத்துக்கொள்வது உண்மை. கூடுதல் வாயுவில் நெல் கொஞ்சம் செழிப்பதும் உண்மை. ஆனால் வாயு தனியாக வருவதில்லை, சூட்டையும் கூட்டிக்கொண்டு வருகிறது.

பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல் கணக்கு 2004-இல் வெளியானது. பருவத்தில் ராத்திரி வெப்பம் 1 டிகிரி கூடினால் விளைச்சல் 10 சதவீதம் குறைந்தது. பூக்கும் நேரத்தில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதர் கூடும். இது புத்தகம் படித்துத்தான் நமக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. களத்தில் தூற்றும்போது காற்றோடு பறப்பதைப் பார்த்தவர்கள்தானே நாம்!

2018-இல் 18 நெல் ரகங்களைக் கூடுதல் வாயுவில் வளர்த்த ஆய்வும் வெளியானது. அரிசியில் புரதம் சுமார் 10 சதவீதம், இரும்புச் சத்து 8 சதவீதம், துத்தநாகம் 5 சதவீதம் குறைந்தது. அதாவது மூட்டை நிறைந்தாலும் சத்து குறையும். ரேஷன் அரிசியை நம்பி வாழும் தாய்க்கும் பிள்ளைக்கும் அதில் என்ன மிஞ்சும்?

மழைக் கணக்கையும் பாருங்கள். காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அந்த ஈரத்தை எங்கிருந்து எடுக்கும்? கடலிலிருந்தும், நம் ஏரி, கண்மாய், வயலிலிருந்தும்தான். உறிஞ்சும்போது நாள் கணக்கில் உறிஞ்சும், கொட்டும்போது ஒரே ராத்திரியில் கொட்டும். மத்திய இந்தியாவில் பரந்த அளவிலான அதீத மழை நிகழ்வுகள் 1950-க்கும் 2015-க்கும் இடையில் மூன்று மடங்கு ஆகின என்று புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவன விஞ்ஞானி தலைமையிலான ஆய்வு 2017-இல் காட்டியது.

குறிப்பிட்ட ஒரு புயலை இந்த வாயுதான் கொண்டுவந்தது என்று ஒரே வரியில் சொல்ல முடியாது, உண்மைதான். காய்ந்த வைக்கோல் போர் எந்தப் பொறியில் பற்றும் என்று சொல்ல முடியாது. ஆனால் போருக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டியவன் யார் என்று சொல்ல முடியுமே!

"எல்லோருக்கும் பொறுப்பு" என்ற பம்மாத்து

இப்போது புதிதாக ஒன்று சொல்கிறார்கள்: "நெல் வயலில் மீத்தேன் வருது, மாடு மீத்தேன் விடுது, விவசாயியும்தான் காரணம்." வயலிலும் மாட்டிலும் மீத்தேன் வருவது உண்மை. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் வயிற்றுக்கு விளைவிப்பவனையும் சொகுசுக்கு எரிப்பவனையும் ஒரே தராசில் வைப்பது என்ன நியாயம்?

நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எரித்து இதுவரை உலகில் வெளியான கரியமில வாயுவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அமெரிக்கா மட்டும் விட்டது. 140 கோடிப் பேர் வாழும் இந்தியாவின் பங்கு 4 சதவீதத்துக்கும் குறைவு. இன்றும் ஆண்டுக்கு ஓர் அமெரிக்கர் தலைக்கு 14 டன் அளவில், ஓர் இந்தியர் தலைக்கு சுமார் 2 டன். அந்த 2 டன்னும் சராசரிதான். ஏ.சி. மாளிகையும் மானாவாரி விவசாயியும் அதில் ஒன்றாகக் கூட்டி வகுக்கப்பட்டிருக்கிறார்கள். ஆண்டுக் கணக்கில் இன்று இந்தியா உலகில் மூன்றாவது இடம். வெளிநாட்டில் பேசும்போது ஏழை விவசாயியை முன்னால் நிறுத்திவிட்டு, உள்நாட்டுப் பெருமுதலாளி பின்னால் ஒளிந்துகொள்வதையும் நாம் ஏற்க முடியாது.

மாடலின் குறையும் நமக்குத் தெரிய வேண்டும்

மாடல் சாமி வாக்கு இல்லை. உலக மாடல்களின் ஒரு கட்டம் பொதுவாக 100 கிலோமீட்டருக்கு 100 கிலோமீட்டர். பழைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டமே ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும்! மழை தரும் மேகக் கூட்டம் அதைவிட மிகச் சிறியது. அதனால் மேகத்தைத் தோராயமாகத்தான் கணக்கில் சேர்க்கிறார்கள். உலகம் எவ்வளவு சூடாகும் என்பதில் மாடல் உறுதியாக நிற்கும். நம்ம பிர்காவில் எவ்வளவு மழை என்று கேட்டால் திணறும்.

இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய காரணம், புதுக் கூட்டம் ஒன்று ஊருக்குள் வருகிறது. "எங்க ஆப்ல உங்க வயலுக்குப் பத்து வருசக் கணிப்பு இருக்கு" என்று சந்தா கேட்பான். "காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி விடுங்க, மீத்தேன் குறையும், கார்பன் கிரெடிட் காசு தர்றோம்" என்று கையெழுத்து கேட்பான். காய்ச்சலும் பாய்ச்சலும் நல்ல முறைதான், தண்ணீர் மிச்சமாகும். ஆனால் எத்தனை வருடக் கட்டுப்பாடு? காசில் நமக்கு எவ்வளவு, கம்பெனிக்கு எவ்வளவு? மழை கெடுத்து முறை மாறினால் அபராதம் யார் தலையில்? தமிழில் எழுதித் தராத எந்த ஒப்பந்தத்திலும் கைநாட்டு வைக்காதீர்கள்!

850 கோடிக்குக் கம்ப்யூட்டர், ஊருக்கு ஆள் இல்லை!

நம் நாட்டிலும் விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். புனே நிறுவனம் இந்தியாவுக்கென்று சொந்த மாடல் செய்து ஐ.பி.சி.சி. அறிக்கைக்குக் கொடுத்திருக்கிறது. 2024 செப்டம்பரில் 850 கோடி ரூபாயில் புனேயிலும் நொய்டாவிலும் 'அர்கா', 'அருணிகா' என்ற சூப்பர் கம்ப்யூட்டர்களைப் பிரதமர் தொடங்கி வைத்தார். 2025 மே மாதம் 6 கிலோமீட்டர் கட்டத்தில் மழை சொல்லும் முறையும் வந்தது. வரவேற்கிறோம்.

ஆனால் அதே 2024-இல் என்ன நடந்தது? கம்ப்யூட்டர் சொல்வதை விவசாயிக்கு அவன் பாஷையில், அவன் பயிருக்கு ஏற்றபடி சொல்லிவந்த மாவட்ட வேளாண் வானிலை அலகுகள் 199-ஐயும் நாடு முழுவதும் இழுத்து மூடினார்கள்! தலையில் மூளை வைத்துவிட்டு நாக்கை அறுத்தால் அது என்ன பேசும்?

பயிர்க் காப்பீட்டிலும் இதே கதை. பன்னாட்டு மறுகாப்பீட்டுக் கம்பெனிகள் மாடல் வைத்து ஆபத்தைக் கணித்துத் தங்கள் பிரீமியத்தை நிர்ணயிக்கின்றன. அவர்கள் லாபத்துக்கு மாடல் சரியானது! நாம் இழப்பீடு கேட்டால் மட்டும் "இது எதிர்பாராதது, உங்க கிராமத்தோட சராசரி மகசூல் குறையல" என்று கதவைச் சாத்துகிறார்கள். அடங்கல் வாங்கி, வரிசையில் நின்று, பிரீமியம் கட்டியவன் அடுத்த சம்பா நடும்வரை காத்திருக்க வேண்டுமா?

உலக அளவில் வழி திறந்திருக்கிறது!

பெரு நாட்டு மலை விவசாயி சவுல் லூசியானோ லியுயா, தன் ஊர் மேலே உருகும் பனி ஏரிக்குப் பொறுப்பு கேட்டு ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.இ. மின்சாரக் கம்பெனி மேல் 2015-இல் வழக்குப் போட்டார். 2025 மே மாதம், அவர் வீட்டுக்கு ஆபத்து போதிய அளவு இல்லை என்று வழக்கு தள்ளுபடியானது. ஆனால் பெரும் வாயு வெளியேற்றிகளைச் சட்டப்படி பொறுப்பாக்க முடியும் என்ற கொள்கையை அந்த நீதிமன்றம் ஏற்றது. இரண்டு மாதத்தில், ஜூலை 23-இல், சர்வதேச நீதிமன்றமும், காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, மீறினால் இழப்பீடு தர நேரலாம் என்று கருத்துரை வழங்கியது. இழப்பு-சேத நிதியம் 2022-இல் எகிப்து மாநாட்டில் ஒப்புக்கொள்ளப்பட்டது. 2025 மார்ச்சில் அமெரிக்கா அதன் குழுவிலிருந்தே கழன்றுகொண்டது! கேட்டால்தான் கிடைக்கும். கேட்காதவனுக்குத் தாயும் பால் கொடுப்பதில்லை.

நமது கோரிக்கைகள்

1. மூடப்பட்ட மாவட்ட வேளாண் வானிலை அலகுகளை ஆட்களோடு மீண்டும் திற!

2. ஊராட்சிக்கு ஒரு மழைமானி வை! அன்றாட மழை அளவை ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் எழுது!

3. நம் அறிவியல் நிறுவனங்களின் மாடல் கணிப்புகளை, எவ்வளவு உறுதி, எவ்வளவு சந்தேகம் என்பதோடு, வட்டார வாரியாகத் தமிழில் வெளியிடு! விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் வேளாண் அதிகாரி நேரில் விளக்கட்டும்!

4. பயிர் அறுவடைப் பரிசோதனையை ஊரார் முன்னிலையில் நடத்து! இழப்பீட்டை அடுத்த நடவுக்கு முன் வழங்கு! குத்தகை விவசாயிக்கும் வழங்கு!

5. கூடப்போகும் மழைக்கும் நீளப்போகும் வறட்சிக்கும் ஏற்றபடி ஏரி, கண்மாய், வாய்க்கால், மதகுகளை இப்போதே தூர்வாரிச் சீர்செய்!

6. கார்பன் கிரெடிட் ஒப்பந்தம் எதுவானாலும் கிராம சபையில் தமிழில் படித்துக்காட்டி ஒப்புதல் பெறு!

7. இழப்பு-சேத நிதியில் இந்திய விவசாயிகளின் பங்கை மத்திய அரசு உலக அரங்கில் கேட்டு வாங்கு!

விவசாயப் பெருமக்களே! நாம் பிச்சை கேட்கவில்லை. கணக்குக் கேட்கிறோம். கணக்குப் போட்டது அவர்கள் கம்ப்யூட்டர். விடையும் அவர்கள் கையில் இருந்தது. ஒரே பூமியைச் சோதனைப் பாத்தியாக்கி, இரட்டிப்பு வாயுவை நிஜத்திலேயே கொட்டிப் பார்க்கிறார்கள். அந்தப் பாத்தியில் பயிராக நிற்பது நாமும் நம் பிள்ளைகளும்!

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் முன் நடக்கும் ஆர்ப்பாட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். நாளும் நேரமும் உங்கள் ஊர்க் கிளைச் செயலாளர் சொல்வார். சிட்டா, அடங்கல், காப்பீட்டு ரசீது நகல்களைக் கையோடு எடுத்து வாருங்கள். மனுவோடு இணைப்போம்!

இயற்கைச் சீற்றம் என்று சொல்லி ஏமாற்றாதே!
தெரிந்தே செய்த நஷ்டத்துக்கு ஈடு கொடு!
வாயு விட்டவன் லாபத்தில், வயல் இழந்தவன் பங்கு எங்கே?
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!